கார்டு செத்துப்போச்சு என்று சொன்ன வாத்தியார்



ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டு வந்த பதிவு இது. கொஞ்சம் நீளம்தான். கம்ப்யூட்டர் சமாச்சாரம் என்று தாண்டிப் போய்விடாதீர்கள். நான் செய்த ஒரு தப்பைப் பற்றியது. சம்பந்தப்பட்ட மாணவியிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "பேரு மட்டும் போடாதீங்க சார்" என்றாள். போடவில்லை.

என்னைத் தெரியாதவர்களுக்கு: விருதுநகரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருந்து 2018-இல் ஓய்வு பெற்றவன். பள்ளிக்கு முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வந்து இறங்கியபோது அதைத் தொட ஆள் இல்லை. "கரண்டு விஷயம் ஃபிசிக்ஸ் சாருக்குத்தான் தெரியும்" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். விழுந்து எழுந்து கற்றுக்கொண்டேன். பிறகு ஊரில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினாலும் எனக்குத்தான் போன் வரும். அதில் ஒரு பெருமையும் இருந்தது. அந்தப் பெருமையில்தான் இந்தக் கதையே தொடங்குகிறது.

2015, பொங்கல் லீவு முடிந்த வாரம். திருத்தங்கலில் இருந்து பழைய மாணவி ஒருத்தி கூப்பிட்டாள். பிளஸ் டூ முடித்துவிட்டு, சிவகாசியில் டி.டி.பி. கற்றுக்கொண்டு, வீட்டிலேயே லேபிள் டிசைன் செய்துகொண்டிருந்தாள். புஸ்வாணம், தரைச்சக்கரம், கம்பி மத்தாப்புப் பெட்டிகளுக்கு லேபிள். ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் ஆல்பம் வெளியாகும் சமயத்தில் காலண்டர் வேலை. இடையில் கல்யாணப் பத்திரிகை. பென் டிரைவில் போட்டுக்கொண்டு போய் அச்சகத்தில் கொடுத்தால் டிசைனுக்கு இவ்வளவு என்று கொடுப்பார்கள். அம்மாவுக்குப் பட்டாசு ஆபீசில் வேலை. வெளியூர் நண்பர்களுக்கு: எங்கள் பக்கம் பட்டாசு ஆலையை 'ஆபீஸ்' என்றுதான் சொல்வோம். அங்கே நாற்காலி, மேஜை எல்லாம் இருக்காது.

"சார், கம்ப்யூட்டர்ல கலர் எல்லாம் பட்டை பட்டையாத் தெரியுது சார். எழுத்தெல்லாம் பூதம் மாதிரி இருக்கு."

வைரஸ் புகுந்து, பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் எல்லாவற்றையும் அழித்து விண்டோஸ் எக்ஸ்பியைத் திரும்பப் போட்டுக் கொடுத்திருக்கிறான். அதிலிருந்துதான் இப்படி. எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆனால் எங்கள் பக்கத்து டி.டி.பி. மேஜைகளில் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. பழைய பேஜ்மேக்கரும் பழைய தமிழ் எழுத்துருக்களும் அதில்தான் சொன்ன பேச்சைக் கேட்டன.

ஞாயிற்றுக்கிழமை சிவகாசி பஸ் பிடித்து, ஆமத்தூர் தாண்டி, திருத்தங்கலில் இறங்கினேன். போகும் முன்பே ஒரு முன்னேற்பாடு செய்திருந்தேன். கம்ப்யூட்டரில் இருப்பது என்விடியாவின் ஜீஃபோர்ஸ் 8400 ஜிஎஸ் கார்டு என்று போனில் கேட்டு வைத்துக்கொண்டு, என்விடியா டிரைவரில் ஆகப் புதியது எதுவோ அதை இறக்கிப் பென் டிரைவில் எடுத்துப் போனேன். புதியதுதானே நல்லது என்ற நினைப்பு.

அவள் சொன்னது சரிதான். புஸ்வாணப் பெட்டிக்கு வரைந்திருந்தாள். அடியில் சிவப்பு, மேலே போகப் போக ஆரஞ்சு, உச்சியில் மஞ்சள் என்று குழைந்து ஏற வேண்டிய பொறி, படிக்கட்டு மாதிரி நாலு பட்டையாக நின்றது. டிரைவரை ஓட்டினேன். இந்த மென்பொருளோடு ஒத்துப்போகும் கிராஃபிக்ஸ் கார்டு எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்தது. கார்டைக் கழற்றி, அதன் தங்கநிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்து, திரும்பச் சொருகினேன். அதே பெட்டி. இன்னொரு தடவை. அதே பெட்டி.

"கார்டு செத்துப்போச்சு தாயீ. வேற வாங்கணும்" என்றேன்.

அவளுடைய அம்மா வாசல் நிலையில் சாய்ந்து நின்றிருந்தார். "எவ்வளவு சார் ஆகும்?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "போட்டா ஓடுமா சார்? இல்ல, இதை வித்துப்புட்டு இவளையும் என்கூட ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போயிரட்டுமா?"

மகளிர் குழுவில் மூவாயிரம் கடன் எடுத்தார்கள். சிவகாசியில் ஒரு கடையில் 2,600 ரூபாய்க்குப் புதுக் கார்டு. பெட்டிக்குள் ஒரு குறுந்தகடு இருந்தது. அதைப் போட்டதும் திரை பளிச்சென்று வந்தது. "பாத்தீங்களா, கார்டுதான் போயிருக்கு" என்றேன். காபி கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்தேன். வாரம் 150 ரூபாய் கட்டி அந்தக் கடன் ஐந்து மாதத்துக்கு மேல் ஓடியது என்பது பின்னால் தெரிந்தது.

பழைய கார்டை அந்தப் பெண் ஒரு தாளில் சுற்றி என்னிடம் கொடுத்துவிட்டாள். "ஸ்கூல்ல பிள்ளைங்களுக்குக் காட்டுங்க சார்." காட்டினேன். ஆய்வகக் கண்ணாடி அலமாரியில் 'பழுதான கிராஃபிக்ஸ் கார்டு' என்று சீட்டு ஒட்டி வைத்து, ஓய்வு பெறும்வரை வருஷா வருஷம் காட்டினேன்.

இனி 2019. ஓய்வுக்குப் பிறகு, எங்கள் தெருப் படிப்பகத்தில் பிள்ளைகளுக்காக நாலைந்து பழைய கம்ப்யூட்டர்களைத் தேற்றிக்கொண்டிருந்தேன். விண்டோஸ் வாங்கக் காசில்லை. சென்னையில் வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவன் போனில் சொல்லச் சொல்ல, டெபியன் என்ற லினக்ஸ் போட்டோம். ஒரு பெட்டியில் கார்டு இல்லை. பாதி உயிர் உள்ள கார்டு போதுமே, எழுத்துத் தெரிந்தால் சரி என்று, ஓய்வு பெற்ற அன்று என்னோடு வந்துவிட்ட அந்தப் 'பழுதான' கார்டைச் சொருகினேன்.

திரை முழு அளவில், முழு வண்ணத்தில் வந்தது.

"எப்படிடா?" என்றேன். அந்தப் பையன் ஒரு சின்னக் கட்டளையை ஓட்டச் சொன்னான். இந்தக் கார்டுக்கு 340 என்ற பழைய வரிசை டிரைவர் மட்டும்தான் பொருந்தும் என்று பதில் வந்தது. "கார்டுக்கு ஒண்ணும் இல்ல சார். புது டிரைவர் இதை எப்பவோ கைவிட்டிருச்சு, அவ்வளவுதான்."

அன்று சாயங்காலம் படிப்பகத்தைப் பூட்ட மறந்துவிட்டேன்.

என்ன நடந்திருக்கிறது என்று பிறகு உட்கார்ந்து படித்தேன். தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பட்டாசு ஊர்க்காரர்களுக்கு இதில் சுவாரசியம் உண்டு.

என்விடியா 1993-இல் அமெரிக்காவில் மூன்று பேர் சேர்ந்து தொடங்கிய கம்பெனி. 1995-இல் வந்த முதல் சில்லு தோற்றுப்போனது. அது படத்தை நாற்கோணங்களாக வெட்டி வரைந்தது. மைக்ரோசாஃப்டும் மற்றவர்களும் முக்கோணத்தைப் பிடித்துக்கொண்டார்கள். 1997-இல் ரிவா 128 வந்துதான் கம்பெனி மூச்சு விட்டது. அடுத்து 1998-இல் ரிவா டிஎன்டி. ஆமாம், வெடிமருந்தின் பெயர்தான். அதற்கேற்ப டிரைவருக்கு டெடனேட்டர் என்று பெயர் வைத்தார்கள். மருந்தை வெடிக்க வைக்கும் சாதனம்! கலிபோர்னியாவில் உட்கார்ந்துகொண்டு சிவகாசிக்காரன் மாதிரி யோசித்திருக்கிறார்கள். அந்தப் பெயர் 2003 வரை இருந்தது, பிறகு ஃபோர்ஸ்வேர் ஆனது. 1999-இல் ஜீஃபோர்ஸ் 256 வந்தது. அதிலிருந்து இன்றுவரை வீட்டுக் கம்ப்யூட்டர் கார்டுகளுக்கு ஜீஃபோர்ஸ்தான் பெயர்.

2006 நவம்பரில் வந்த 8800 பெரிய திருப்பம். அதுவரை சில்லுக்குள் ஒரு கூட்டம் புள்ளியின் இடத்தைக் கணக்கிடும், இன்னொரு கூட்டம் நிறத்தைக் கணக்கிடும். 8800-இல் எல்லாரும் எல்லா வேலையும் பார்ப்பார்கள் என்று ஆக்கினார்கள். எந்த வேலையும் பார்க்கும் என்றால் படம் மட்டும் ஏன், கணக்கும் போடலாமே என்று 2007-இல் கூடா வந்தது. இன்று செயற்கை நுண்ணறிவு என்று உலகமே பேசுகிற எந்திரங்கள் அந்த வழியில் வந்தவைதான். நான் செத்துப்போச்சு என்று சொன்ன 8400 ஜிஎஸ், 2007-இல் வந்த அந்தக் குடும்பத்தின் கடைக்குட்டி.

அடுத்து பெயர்க் குழப்பம். 8 வரிசைக்குப் பின் 9, பின் 100, 200 என்று எண்ணே திரும்ப ஆரம்பித்தது. 8800 ஜிடி என்ற கார்டே 9800 ஜிடி என்ற பெயரில் மறுபடி வந்தது. எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இது புதிதா என்ன? பெட்டி மாறும், லேபிள் மாறும், உள்ளே அதே லட்சுமி வெடி. ஆகவே கார்டின் பெயரை வைத்து அதன் வயதைச் சொல்ல முடியாது.

இப்போது டிரைவர். கார்டு என்பது வேலைக்காரன். விண்டோஸ் என்பது முதலாளி. இருவருக்கும் பாஷை வேறு. நடுவில் நின்று சொல்பவர் டிரைவர். 'இயக்கி என்றால் என்ன?' என்பதற்கு இரண்டு மதிப்பெண் விடையாக இதை நான் எத்தனையோ வருஷம் போர்டில் எழுதிப் போட்டிருக்கிறேன். என்விடியா ஆரம்பத்திலிருந்தே ஒரே டிரைவர் தொகுப்பில் பல தலைமுறைக் கார்டுகளையும் அடக்கிக் கொடுத்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் ஒவ்வொரு புதுப் பதிப்பையும் ஒவ்வொரு பழைய கார்டிலும் ஓட்டிப் பார்த்தாக வேண்டும். அதனால் சில வருஷத்துக்கு ஒருமுறை வாலில் இருப்பவற்றை வெட்டிவிடுவார்கள். ஜீஃபோர்ஸ் எஃப்எக்ஸ் வரிசை 173-ஆம் எண்ணோடு நின்றது. 6-உம் 7-உம் 304-ஓடு. 8, 9, 100, 200, 300 எல்லாம் 340-ஓடு. 400, 500 வரிசை 390-ஓடு. 600, 700 வரிசையில் பெரும்பாலானவை 470-ஓடு. 2016-இல் வந்த 10 வரிசைக்கும் 580 தான் கடைசி என்று 2025-இல் அறிவித்துவிட்டார்கள்.

340-க்கு அடுத்த 343 வந்தது 2014 செப்டம்பரில். நான் திருத்தங்கலுக்குப் பஸ் ஏறியது அடுத்த ஜனவரியில். நாலே மாதம். நான் எடுத்துப் போன 'ஆகப் புதியது' அந்தக் கார்டின் பெயரையே பட்டியலிலிருந்து அடித்திருந்தது. 340-இன் கடைசிப் பதிப்பை இறக்கியிருந்தால் பத்து நிமிஷ வேலை. காசு செலவில்லை. அந்தப் பெட்டியில் வந்த வாசகத்திலும் தப்பில்லை. 'எனக்குத் தெரிந்த கார்டு எதுவும் இங்கே இல்லை' என்றுதான் அது சொன்னது. 'கார்டு செத்துவிட்டது' என்று படித்தது நான்.

அந்தப் பட்டை பட்டையான நிறங்களாவது என்னை நிறுத்தியிருக்க வேண்டும். 640-க்கு 480 புள்ளி, 16 நிறம் என்பது 1987-இல் ஐபிஎம் கொண்டுவந்த விஜிஏ. எந்தக் கார்டும் தனக்குரிய டிரைவர் இல்லாதபோது, எல்லாருக்கும் தெரிந்த அந்தப் பழைய பாஷையில் ஏதோ கொஞ்சம் பேசும். செத்துப்போன கார்டு அதைக்கூடப் பேசாது. அது உயிரோடு இருக்கிறேன் என்றுதான் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தது.

எனக்கு இன்னும் பெரிய வெட்கம் வேறொன்று. புதுக் கார்டு போட்டதும் ஓடியதே, அதை நிரூபணம் என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் நான் மாற்றியது கார்டை மட்டுமா? குறுந்தகட்டில் இருந்து டிரைவரையும் சேர்த்தல்லவா மாற்றினேன்! சோதனையில் ஒரு நேரத்தில் ஒரு மாறியைத்தான் மாற்ற வேண்டும் என்று முப்பது வருஷம் பாடம் நடத்தியவன். ஊசல் சோதனையில் நீளத்தையும் குண்டையும் சேர்த்து மாற்றிய பையன்களுக்கு மதிப்பெண் குறைத்தவன். எனக்கு யாரும் குறைக்கவில்லை. அந்த அம்மாதான் வாரம் 150 கட்டினார்.

படிப்பகத்துக் கார்டு அன்று முழு வண்ணம் காட்டியதற்குக் காரணம் நூவோ என்ற டிரைவர். பிரெஞ்சில் 'புதியது' என்று அர்த்தமாம். என்விடியா கொடுத்ததல்ல. கார்டு எப்படிப் பேசுகிறது என்று ஒட்டுக்கேட்டே அதன் பாஷையைக் கற்றுத் தன்னார்வலர்கள் எழுதியது. 2010-இல் லினக்ஸ் கருவோடு சேர்ந்தது. கம்பெனியே தன் லினக்ஸ் டிரைவரின் ஒரு பகுதியைத் திறந்து கொடுத்தது 2022-இல்தான், அதுவும் புதிய தலைமுறைக் கார்டுகளுக்கு மட்டும். கம்பெனி கணக்கை முடித்துக்கொண்ட பழைய கார்டுகளை முகம் தெரியாத இந்த ஆட்கள் இன்னும் ஓட வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

2019 தீபாவளி முடிந்து ஒரு வாரம் பொறுத்து, 2,600 ரூபாயைக் கவரில் போட்டுக்கொண்டு, கார்டையும் எடுத்துக்கொண்டு திருத்தங்கல் போனேன். வீட்டில் இப்போது பெரிய மானிட்டர். பசுமைப் பட்டாசு முத்திரையை லேபிளில் எந்த மூலையில் வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தைய வருஷம் உச்சநீதிமன்றத் தீர்ப்பில் சரவெடிக்கும் பேரியத்துக்கும் தடை வந்து, ஆபீஸ்கள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தனவே, அப்போது அம்மாவுக்கு வேலை இல்லை. காலண்டரும் கல்யாணப் பத்திரிகையும் செய்து வீட்டை இவள்தான் ஓட்டியிருக்கிறாள். அதைக் கேட்டபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2015-இல் குழுவில் கடன் கிடைக்காமல் போயிருந்தால், என் ஒரு வார்த்தையில் இந்தக் கம்ப்யூட்டர் விலை போயிருக்கும். அந்தப் பிள்ளை ஆபீசுக்குப் போயிருக்கும்.

விஷயத்தைச் சொன்னேன். சிரித்தாள். கவரை வாங்க மாட்டேன் என்றாள். "சார், அம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. அந்த ரூவாய இன்னும் எண்ணிக்கிட்டிருப்பாங்க."

ஆனால் அம்மா அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். கையைத் துடைத்தபடி வந்தார்.

"அப்ப அது அன்னைக்கும் நல்லாத்தான் இருந்துச்சா சார்?"

"ஆமாம்மா. நான்தான் பார்க்கத் தெரியாமச் சொல்லிட்டேன்."

கார்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். கோபப்படவில்லை. "வெடிக்கலைன்னா செத்த வெடின்னு நாங்க சொல்ல மாட்டோம் சார். திரி நமுத்திருக்கும், மருந்து நல்லாத்தான் இருக்கும். அப்படி நெனச்சுக் கையில எடுத்தவங்க வெரலப் போக்கிக்கிட்டிருக்காங்க" என்றார். பிறகு மகளைப் பார்த்து, "கவரை வாங்கிக்கோ. சார் கொண்டாந்தது திரும்பிப் போகக் கூடாது" என்றார்.

வாங்கிக்கொண்டாள். கார்டும் அங்கேயே தங்கிவிட்டது. தம்பிக்கென்று வாங்கியிருந்த பழைய பெட்டியில் 340-ஐப் போட்டுக் கொடுத்துவிட்டு, கடைசி பஸ்ஸில் ஊர் திரும்பினேன்.

நண்பர்களுக்கு வாத்தியார் புத்தியில் சில வார்த்தைகள். திரை மங்கினால், நிறம் பட்டையானால், கார்டு போய்விட்டது என்று கடைக்காரரோ என்னைப் போன்ற அரைகுறையோ சொன்னால், உடனே நம்ப வேண்டாம். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, அந்தக் கார்டின் விவரத்தில் ஹார்டுவேர் ஐடி என்ற வரியைப் பாருங்கள். அதில் 10டிஇ என்று இருந்தால் என்விடியா. 1002 என்றால் ஏடிஐ, அதாவது 2006-இல் ஏஎம்டி வாங்கிய கம்பெனி. 8086 என்றால் இன்டெல். பக்கத்தில் இருக்கும் இன்னொரு நாலு எழுத்து எண் எந்தக் கார்டு என்று சொல்லும். லேபிள் பொய் சொன்னாலும் அந்த எண் சொல்லாது. எண்ணே தெரிகிறது என்றால் கார்டு பேசுகிறது என்று அர்த்தம். அதன் பெயரைச் சொல்லும் கடைசி டிரைவர் எது என்று கம்பெனியின் தளத்திலேயே தேடுங்கள். கிடைத்ததும் ஒரு பென் டிரைவில் பத்திரமாக வைத்துவிடுங்கள். விண்டோஸுக்குக் கிடைக்கவில்லை என்றால் லினக்ஸ் ஒன்றைப் பென் டிரைவில் இருந்தே ஓட்டிப் பாருங்கள். இதெல்லாம் செய்தும் திரை வரவில்லை என்றால் அப்புறம் கடைக்குப் போகலாம். ஆதரவு நின்ற டிரைவருக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. அந்த மாதிரிப் பெட்டியில் பேங்க் வேலை மட்டும் வேண்டாம்.

என் அலமாரிச் சீட்டைப் பார்த்த மாணவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து அந்தப் பாடத்தை அடித்துவிட்டு இதைப் படித்துக்கொள்ளுங்கள். உங்களில் யாரையாவது 'இவனுக்கு ஏறாது' என்று நான் சொல்லியிருந்தால் அதையும் சேர்த்து அடித்துவிடுங்கள். எந்தப் பதிப்பு டிரைவரோடு உங்கள் முன்னால் வந்து நின்றேனோ, தெரியவில்லை.

படிப்பகத்துக்கு இன்னும் மூன்று பெட்டிகளுக்குக் கார்டு வேண்டும். வீட்டுப் பரணில் 'பழுதானது' ஏதும் கிடந்தால் சொல்லி அனுப்புங்கள். நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.